சான் லொரென்சோ கோட்டையும் பனாமா கால்வாயும் ஒரே நாளில்: முழுமையான வழிகாட்டி

பனாமாவின் கரீபியன் கரையில், சாக்ரெஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், செங்குத்தான பாறை ஒன்றின் மேல் சான் லொரென்சோ கோட்டையின் இடிபாடுகள் நிற்கின்றன. கோட்டைக்குப் போகும் சாலை மழைக்காட்டின் நடுவே செல்கிறது. அந்தச் சாலையை அடைவதற்கு முன் பனாமா கால்வாயைக் கடந்தாக வேண்டும். கோட்டை, காடு, கால்வாய் மூன்றையும் ஒரே நாளில் நிதானமாகப் பார்க்க முடியும்; ஆனால் எதை முதலில் பார்ப்பது என்பதில் தவறினால் மூன்றில் ஒன்று கட்டாயம் கைநழுவும். பனாமா நகரில் பணியில் இருந்த காலத்தில் உறவினர்களையும் நண்பர்களையும் பலமுறை அங்கே அழைத்துச் சென்றிருக்கிறேன். தாமாகவே புறப்பட்டுப் போய்ப் பாதியில் திரும்பியவர்களின் கதைகளையும் கேட்டிருக்கிறேன். அந்த அனுபவத்தைக் கொண்டு, செய்ய வேண்டிய வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

1. மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் முதலில், விமானச்சீட்டு பிறகு

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கடைசியாகத்தான் நினைத்துப் பார்க்கிறார்கள். இந்திய அரசு வகுத்திருக்கும் மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் பனாமா இருக்கிறது. அங்கிருந்து புறப்பட்ட 6 நாட்களுக்குள் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் இந்தியாவில் வந்திறங்கினால், அந்த 6 நாட்கள் முடியும் வரை தனிமைப்படுத்தி வைப்பதற்கு விமான நிலையச் சுகாதார அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. இலங்கையும் இத்தகைய நாடுகளிலிருந்து வருவோரிடம் இதே சான்றிதழைக் கேட்கிறது.

பனாமா நகருக்கும் கால்வாய்ப் பகுதிக்கும் இந்த ஊசி மருத்துவ ரீதியாகத் தேவையில்லை என்று பயணக் கையேடுகளில் படித்துவிட்டுப் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த அறிவுரை நோய் எங்கே பரவுகிறது என்பதைப் பார்த்துச் சொல்லப்பட்டது. நம் நாட்டு விதியோ, நீங்கள் பனாமாவின் எந்த மூலைக்குப் போனீர்கள் என்று பார்ப்பதில்லை; எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள் என்பதை மட்டுமே பார்க்கிறது.

சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு மருந்து நிறுவனத்திலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் இந்த ஊசி போடுகிறார்கள். அசல் கடவுச்சீட்டுடன் போக வேண்டும். குறிப்பிட்ட நாட்களில் மட்டும் போடுவதால் நாளை முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். ஊசி போட்ட 10ஆம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அதனால்தான் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே இதை முடித்துவிடச் சொல்கிறேன். ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுவதும் செல்லும் என்பது 2016 முதல் நடைமுறை. முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கருவுற்றிருப்பவர்கள், வயதானவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது. சான்றிதழில் உள்ள பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் முதலெழுத்து உட்பட ஒத்திருக்கிறதா என்று ஊசி போட்ட இடத்திலேயே சரிபார்த்துவிடுங்கள்.

விசாவைப் பொறுத்தவரை, புது டெல்லியில் உள்ள பனாமா தூதரகத்திடமே நேரடியாகக் கேட்பது நல்லது. அமெரிக்கா போன்ற சில நாடுகளின் விசா வைத்திருப்பவர்களுக்குச் சலுகை உண்டென்றாலும் அதற்கான நிபந்தனைகள் மாறக்கூடியவை. நண்பர் சென்ற ஆண்டு போய்வந்தார் என்பதை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம்.

2. நாளைத் தேர்வு செய்தல்

டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை பனாமாவில் வறண்ட காலம். ஆனால் இது பசிபிக் கரைக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். கரீபியன் கரையில் அந்த மாதங்களிலும் மழை வரும். குறைவாக வரும், அவ்வளவுதான். சென்னையில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 1,400 மி.மீ. என்றால், கோட்டைக்குப் போகும் வழியிலுள்ள கரீபியன் கரை நகரமான கோலோன் பகுதியில் 3,000 மி.மீ.க்கும் மேல் பெய்கிறது. பனாமா நகர விடுதியின் சன்னலைத் திறந்து வானம் தெளிவாக இருப்பதைப் பார்த்துவிட்டு மழைச்சட்டையை அறையிலேயே விட்டு வந்தவர்கள், நெடுஞ்சாலையின் பாதியிலேயே வருந்தியிருக்கிறார்கள். ஆண்டின் கடைசிக் காலாண்டில் மழை மிகக் கடுமை. பிப்ரவரி, மார்ச் மாதங்களே என் தேர்வு.

திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அங்குள்ள அருங்காட்சியகங்களும் தொல்லியல் இடங்களும் பல அன்று மூடியிருக்கும். நவம்பர் 3, 4, 5 தேசிய விடுமுறை நாட்கள். குறிப்பாக 5ஆம் தேதி கோலோனில் அணிவகுப்புகள் நடப்பதால் சாலைகள் அடைபடும். அக்டோபர் 21 அன்று போர்டோபெலோவில் கறுப்புக் கிறிஸ்து திருவிழா. பல்லாயிரம் பேர் நடந்தே வருவதால் கோலோன் பக்கப் போக்குவரத்து முன்னிரண்டு நாட்களாகவே நெரியும்.

கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் என்றாலும், 2012 முதல் ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் வைக்கப்பட்டது. ஆகவே பழுதுபார்ப்புப் பணிக்காக ஒரு பகுதியோ முழுவதுமோ மூடப்படுவது அங்கே புதிதல்ல. முந்தின நாள் விடுதி வரவேற்பாளரிடம் தொலைபேசியில் விசாரித்துச் சொல்லும்படி கேளுங்கள். “எஸ்தா அபியெர்த்தோ எல் காஸ்தியோ மன்யானா?” என்றால் “நாளைக்குக் கோட்டை திறந்திருக்குமா?” என்று பொருள்.

3. வண்டி ஏற்பாடு

கோட்டை வாசலுக்குப் பொதுப் பேருந்து கிடையாது. பனாமா நகரின் அல்ப்ரூக் நிலையத்திலிருந்து கோலோனுக்கு விரைவுப் பேருந்துகள் அடிக்கடி புறப்படுகின்றன. சுமார் 80 கி.மீ. பயணம். கோலோனுக்கு அப்பால் வாடகைக் காரில்தான் போக முடியும்.

டாக்சி பிடிப்பவர்கள் செய்யும் பெரிய பிழை, போவதற்கு மட்டும் கூலி பேசுவது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி அப்படித்தான் இறங்கிக்கொண்டு, திரும்பும்போது வேறு வண்டி அழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள். காட்டுக்குள் கைப்பேசிச் சமிக்ஞை பல இடங்களில் இல்லை. கடைசியில் பூங்காக் காவலர்கள் பணி முடிந்து கிளம்பிய வண்டியின் பின்புறத்தில் ஏறி, நனைந்துகொண்டே நகரத்துக்கு வந்தார்கள். போவது, அங்கே மூன்று மணி நேரம் காத்திருப்பது, திரும்பும் வழியில் கால்வாயில் கப்பல்கள் ஏறி இறங்குவதைப் பார்க்கும் மையமான அகுவா கிளாராவில் நிறுத்துவது ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசி, அதைத் தாளில் எழுதிக் காட்டிவிடுங்கள். பணத்தில் பெரும்பகுதியைத் திரும்பி வந்த பிறகே கொடுங்கள்.

கோலோன் நகரத் தெருக்களில் பையுடன் சுற்றித் திரிய வேண்டாம். பேருந்து நிலையத்துக்குள்ளேயே டாக்சியை அமர்த்திக்கொண்டு புறப்பட்டுவிட வேண்டும். வழிப்பறி அங்கே உண்மையான சிக்கல்.

நாமே கார் ஓட்டிப் போவதுதான் எல்லாவற்றிலும் வசதி. சுற்றுலாப் பயணிகள் சொந்த நாட்டு உரிமத்துடன் 90 நாட்கள் வரை ஓட்டலாம். மூன்றாம் தரப்புக் காப்பீடு அங்கே சட்டப்படி கட்டாயம் என்பதால், இணையத்தில் காட்டும் மலிவான வாடகையின் மேல் அந்தத் தொகையும் சேரும். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நம்மவர்கள் நெடுஞ்சாலையில் தவறுவதில்லை, ஆளரவமற்ற சாலையில் நின்றுவிட்டு மறுபடி கிளம்பும்போதுதான் கை பழக்கப்படி இடப்பக்கம் திரும்பிவிடுகிறது. காட்டுச் சாலையில் இதை நினைவில் வையுங்கள்.

சுங்கச்சாலைகளில் ரொக்கம் வாங்குவதில்லை. பனாபாஸ் எனும் ஒட்டுவில்லை காரில் இருக்கிறதா, அதில் பணம் இருக்கிறதா என்று வண்டியை எடுக்கும்போதே கேளுங்கள். நம் ஊர் ஃபாஸ்டேக் போன்றதுதான்.

4. முந்தின இரவே எடுத்து வைக்க வேண்டியவை

கடவுச்சீட்டின் அசலை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டைக்குப் போகும் வழி ஃபோர்ட் ஷெர்மன் என்ற பழைய அமெரிக்கப் படைமுகாம் வழியாகச் செல்வதால், வாயிலில் அடையாளம் கேட்பதுண்டு. அமெரிக்க டாலரே அங்கே புழக்கத்தில் உள்ள பணம். பனாமாவின் சொந்தப் பணமான பல்போவா நாணயங்களும் அதே மதிப்பில் செல்லும். நுழைவுக் கட்டணத்துக்கு 1, 5, 10 டாலர் தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள். அட்டையை நம்பிப் போனவர்கள் வாயிலிலேயே நின்றிருக்கிறார்கள்.

முழுக்கால் சட்டை, முட்டிவரை இழுக்கக்கூடிய காலுறை, அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் காலணி ஆகிய மூன்றும் அவசியம். காரணம், புல்லில் வாழும் கொலொராதில்யா என்ற கண்ணுக்குத் தெரியாத சிவப்பு உண்ணி. கடித்த அன்று ஒன்றும் தெரியாது. மறுநாள் காலை, காலுறை இறுக்கிய இடத்திலும் இடுப்புப் பட்டை பதிந்த இடத்திலும் வரிசையாகச் சிவந்த கொப்புளங்கள் எழும்பி, ஒரு வாரத்துக்கு அரிக்கும். டீட் கலந்த பூச்சி விரட்டியை உடம்பில் மட்டும் தடவாமல், காலணியின் விளிம்பிலும் காலுறையின் மேலும் தடவ வேண்டும்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கையில் எடுத்துச் சாப்பிடக்கூடிய உணவு, குடைக்குப் பதில் மழைச்சட்டை, இணையமின்றித் திறக்கும்படி இறக்கிவைத்த வரைபடம் ஆகியவற்றோடு பட்டியல் முடிகிறது. பாறை விளிம்பில் காற்று பலமாக வீசுவதால் குடை அங்கே தொல்லைதான்.

5. வரிசை: கோட்டை முதலில், கால்வாய் பிறகு

புதிதாகப் போகிறவர்களில் பாதிப் பேர் தவறுவது இந்த இடத்தில்தான். பனாமா நகரிலிருந்து வரும்போது அகுவா கிளாரா பார்வையாளர் மையம் கால்வாயின் கிழக்குக் கரையில், கால்வாயைக் கடக்கும் பாலத்துக்கு முன்பாகவே வந்துவிடுகிறது. வழியில் இருப்பதை முதலில் பார்த்துவிடலாமே என்று நிறுத்துகிறார்கள். கப்பல் நுழையும் வரை காத்திருப்பதில் ஒன்றரை மணி நேரம் போகிறது. அதன் பிறகு கோட்டைக்குப் போனால் நண்பகல் வெயில் தலைக்கு மேல் நிற்கும், அல்லது பிற்பகல் மழை தொடங்கியிருக்கும்.

கப்பலைக் கூரையின் கீழ் நின்று, மழையிலும் பார்க்கலாம். மழையில் இடிபாடுகளின் மேல் நடக்க முடியாது. பறவைகளும் குரங்குகளும் காலையில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். கப்பல்களுக்கு அந்தக் கணக்கு இல்லை. எனவே அகுவா கிளாராவின் பெயர்ப்பலகையைக் கண்டாலும் நிற்காமல் பாலம் ஏறிப் போய்விடுங்கள்.

பனாமா நகரிலிருந்து காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டால், நெரிசலில் மாட்டாமல் சுமார் இரண்டு மணி நேரத்தில் ஷெர்மன் வாயிலை அடைந்துவிடலாம்.

6. பாதை

அட்லாண்டிக் என்றால் கிழக்கு, பசிபிக் என்றால் மேற்கு என்று மனத்தில் பதிந்திருப்பதால் வரைபடத்தைப் பார்க்கும்போது பலருக்கு ஐயம் வரும். பனாமா நிலம் வளைந்து கிடப்பதால், கால்வாயின் அட்லாண்டிக் முனை பசிபிக் முனைக்கு வடமேற்கில் இருக்கிறது. பனாமா நகரிலிருந்து நீங்கள் வடமேற்காகத்தான் போகிறீர்கள். வழி தவறிவிட்டோமோ என்று திகைக்க வேண்டாம்.

சுங்க நெடுஞ்சாலையில் கோலோன் நகருக்கு முன்புள்ள குவாத்ரோ ஆல்தோஸ் சந்திப்புவரை வந்து, அங்கிருந்து காதூன், புவெந்தே அத்லாந்திகோ (அட்லாண்டிக் பாலம்) என்ற பலகைகளைப் பின்தொடர வேண்டும். நகரத்துக்குள் நுழைய வேண்டியதில்லை. எரிபொருளைப் பாலத்துக்கு இப்பாலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அப்பால் நிலையத்தைத் தேடி அலைய நேரிடும்.

அட்லாண்டிக் பாலம் 2019 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதற்கு முன் லாக் எனும் கப்பல் ஏற்றி இறக்கும் தொட்டிகளின் கதவுகளை ஒட்டிய சுழல் பாலத்திலோ படகிலோதான் வண்டிகள் கடந்தன. கப்பல் வந்தால் காத்துக் கிடக்க வேண்டும். படகுத் துறைக்குப் போகச் சொல்லும் பழைய கையேடுகளை ஒதுக்கிவிடுங்கள். பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பதும் கூடாது.

மேற்குக் கரையில் இறங்கியதும் சாலை பிரிகிறது. ஷெர்மன், சான் லொரென்சோ என்று காட்டும் பக்கம் திரும்புங்கள். கோஸ்தா அபாஹோ என்பது கடலோரக் கிராமங்களுக்குப் போகும் வேறு வழி. ஷெர்மன் வாயிலிலிருந்து கோட்டைக்குச் சுமார் 10 கி.மீ. காட்டுச் சாலை. போகும்போது இதில் எங்கும் நிற்காமல் போய்விடுங்கள். திரும்பும்போது நிதானமாகப் பார்க்கலாம்.

7. கோட்டைக்குள் நடக்கும் முறை

வறண்ட அகழியின் மேலுள்ள பாலத்தைக் கடந்து உள்ளே போனதும் திறந்த மைதானம் வரும். சுற்றியுள்ள அறைகளுக்குள் உடனே புகாமல், நேராக ஆற்றைப் பார்த்த விளிம்புவரை போய் நில்லுங்கள். கீழே சாக்ரெஸ் ஆறு காட்டின் நிறத்தை வாங்கிக்கொண்டு வந்து கடலோடு சேர்கிறது. மழை பெய்த மறுநாள் என்றால் பழுப்பு நீர் நீலக் கடலுக்குள் விரல் நீட்டியதுபோல் ஓடுவது தெளிவாகத் தெரியும். எதிர்க்கரை முழுவதும் காடு. இந்தக் காட்சியை முதலில் பார்த்துவிட்டால் கோட்டையின் ஒவ்வொரு சுவரும் ஏன் அந்தத் திசையைப் பார்க்கிறது என்பது புரிந்துவிடும். ஸ்பானியர் காலத்தில் இந்த ஆறே நாட்டின் உட்பகுதிக்கான சாலை. படகில் மேலேறிப் பின் கோவேறு கழுதைப் பாதையில் பசிபிக் கரைக்குப் போனார்கள். ஆற்றின் முகத்துவாரத்தைப் பிடித்தவன் சாலையைப் பிடித்தான். 1671இல் கடற்கொள்ளையர் ஹென்றி மோர்கனின் ஆட்கள் பனாமா நகரைத் தாக்கும் முன் இந்தக் கோட்டையை வீழ்த்த வேண்டியிருந்ததும் அதனால்தான்.

பிறகு விளிம்பிலிருந்து திரும்பி, பீரங்கிகள் கிடக்கும் மேடை, வளைவுக் கூரை அறைகள், மழைநீர் சேமித்த தொட்டி, கடைசியாக அகழி என்ற வரிசையில் வாருங்கள். அறைகளுக்குள் சுவரை விளக்கு வெளிச்சத்தில் பக்கவாட்டாகப் பாருங்கள். அறுத்தெடுத்த கல்லில் பவளத்தின் நுண்குழிகள் தேன்கூடுபோல் தெரியும். மழைநீர் அந்தக் குழிகளில் தங்கிப் பாசியை வளர்க்கிறது. தொட்டால் ஈரம் விரலில் ஒட்டும். சுவரைச் சுரண்டுவதும் அதன்மேல் ஏறி உட்காருவதும் எவ்வளவு கேடு என்பதை அந்த ஈரமே சொல்லிவிடும். தயவுசெய்து குழந்தைகளையும் ஏறவிடாதீர்கள்.

பல விளிம்புகளில் கைப்பிடிக் கம்பி கிடையாது. நீங்கள் நிற்கும் புல்தரை சில இடங்களில் கீழேயுள்ள அறையின் கூரை. முன்னால் திடீரெனப் பள்ளம் வரும். கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு பின்னோக்கி நடப்பதை அடியோடு விட்டுவிட வேண்டும். இருண்ட அறைகளில் வௌவால்கள் இருக்கும். பாம்புக்கும் வாய்ப்புண்டு, ஆகவே தரையை விளக்கால் பார்க்காமல் காலை வைக்க வேண்டாம். வெயில் ஏறும் முன், அதாவது பத்து மணிக்குள், கோட்டையை முடித்துக்கொள்வது நல்லது.

8. காட்டுச் சாலையில் திரும்புதல்

இப்போது 10 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். வண்டியை மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஓட்டி, அகலமான இடம் பார்த்து நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் பேசாமல் இருங்கள். இதை வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் ஓடும் வண்டியில் சன்னலை மூடி, குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டு, காட்டில் ஒன்றுமே இல்லை என்கிறார்கள்.

முதலில் கேட்பது ஊளைக் குரங்கின் குரலாகத்தான் இருக்கும். புலி உறுமுவதுபோல் இருப்பதால் முதன்முறை கேட்பவர்கள் நடுங்கிவிடுவார்கள். அது வெகு தூரத்திலிருந்து வரும் குரல், ஆபத்து இல்லை. மரத்திலிருந்து நீளமான பைகள் தொங்கினால், நம் தூக்கணாங்குருவிக் கூட்டைப் பல மடங்கு பெரிதாக்கியதுபோல் இருக்கும். அவை ஒரோபெந்தோலா பறவையின் கூடுகள். தரையில் இலைத்துண்டுகள் தாமே நகர்வதுபோல் தெரிந்தால் குனிந்து பாருங்கள். இலைவெட்டி எறும்புகள் நகமளவு துண்டைப் பாய்மரம்போல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒற்றை வரிசையில் போகும். எதிரே வெறுங்கையுடன் வரும் எறும்புகள் வழிவிட்டு ஒதுங்கும். வால் உயர்த்தி நடக்கும் கோவாட்டி என்ற சிறு விலங்குகள் உணவு கேட்டு அருகில் வந்தால் கொடுக்க வேண்டாம்; வண்டிகளை எதிர்பார்க்கப் பழகியவை சக்கரத்தில் அடிபடுகின்றன.

சாலையையும் குறிக்கப்பட்ட பாதையையும் விட்டு உள்ளே போகக் கூடாது. இரண்டு காரணங்கள் உண்டு. இந்தப் பகுதி அமெரிக்கப் படையின் காட்டுப் போர்ப் பயிற்சிக்கும், அருகிலுள்ள பின்யா பகுதி சுடுதளமாகவும் பயன்பட்டன. வெடிக்காத குண்டுகள் பற்றிய எச்சரிக்கைப் பலகைகளை அலங்காரமாக நினைக்காதீர்கள். மற்றொன்று, ஊர் மக்கள் எக்கீஸ் என்று அழைக்கும் நச்சுப்பாம்பு. முதுகில் பெருக்கல் குறி போன்ற அடையாளம் இருப்பதால் அந்தப் பெயர். சருகில் கிடந்தால் அனுபவப்பட்டவர் கண்ணுக்கே தெரியாது.

9. அகுவா கிளாரா

பாலத்தைத் திரும்பக் கடந்து, பகல் ஒரு மணிக்குள் மையத்தை அடைவது நல்லது; மாலைக்கு முன்பாகவே சீட்டு வழங்குவதை நிறுத்திவிடுவார்கள். உள்ளே போகும் முன் அடுத்த கப்பல் எத்தனை மணிக்கு என்று சீட்டு வாங்கும் இடத்திலேயே கேளுங்கள். இடைவெளி நீண்டதாக இருந்தால் முதலில் சாப்பாட்டை முடித்துக்கொள்ளலாம்.

லாக் என்பது கப்பலைத் தண்ணீரால் ஏற்றி இறக்கும் அடைப்புத் தொட்டி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 26 மீட்டர் உயரத்தில் இருக்கும் காதூன் ஏரிக்கு மூன்று தொட்டிகளில் படிப்படியாகக் கப்பல் ஏறுகிறது. 2016இல் திறக்கப்பட்ட இந்தப் புதிய தொட்டி ஒவ்வொன்றும் 427 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். 1914இல் திறந்த பழைய தொட்டிகளில் கப்பலைத் தண்டவாள என்ஜின்கள் இருபுறமும் கம்பியால் பிடித்துக்கொள்ளும். இங்கே முன்னும் பின்னும் இழுவைப் படகுகள் கட்டுப்படுத்துகின்றன.

பார்ப்பவர்கள் செய்யும் தவறு, கப்பலின் முகப்பையே பார்த்துக்கொண்டிருப்பது. அது நகர்வதே தெரியாது; பத்து நிமிடத்தில் சலித்துப் போய்க் கிளம்பிவிடுவார்கள். தொட்டிச் சுவரில் தெரியும் ஈர வரியை ஒரு குறியாக வைத்துக்கொண்டு, கப்பலின் பக்கவாட்டில் எழுதிய பெயர் அதற்கு மேலே ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். ஆயிரக்கணக்கான பெட்டிகளைச் சுமந்த இரும்பு மலை, ஒரு மோட்டாரும் தூக்காமல், ஏரியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீரால் உயர்வது அப்போதுதான் கண்ணில் படும். கப்பல் மூன்று தொட்டிகளையும் கடக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். ஒரு தொட்டியையாவது தொடக்கம் முதல் இறுதிவரை பார்த்துவிடுங்கள்.

தொட்டிகளுக்குப் பக்கத்தில் படிக்கட்டுபோல் விரிந்த குளங்களையும் கவனியுங்கள். ஒருமுறை பயன்படுத்திய நீரில் 60 விழுக்காட்டை அவை பிடித்துவைத்து மறுபடி கொடுக்கின்றன. இந்த நீர் காலையில் நீங்கள் கோட்டை விளிம்பிலிருந்து பார்த்த அதே சாக்ரெஸின் நீர். ஆற்றைக் காதூனில் அணை கட்டித் தடுத்ததால் உண்டானதே ஏரி. பனாமா நகரமும் கோலோனும் குடிப்பதும் இதைத்தான். 2023இல் மழை பொய்த்தபோது, வழக்கமாக நாளொன்றுக்கு 36 கப்பல்கள்வரை போகும் கால்வாயில் ஆண்டின் இறுதியில் 22 ஆகக் குறைத்தார்கள்.

மரக்கறி உணவு உண்பவர்களுக்கு ஒரு குறிப்பு: கோலோன் பக்கத்தில் தேங்காய்ப்பாலில் வேகவைத்த குவாந்து சோறு கிடைக்கும். குவாந்து என்பது நம் துவரையேதான், பச்சையாக உரித்துப் போடுவார்கள். பன்றி இறைச்சி சேர்ப்பதுண்டு என்பதால் “சின் கார்னே” என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். தட்டிப் பொரித்த வாழைக்காயான பத்தக்கோனெஸ் துணைக்கு நன்றாக இருக்கும்.

10. திரும்பிய பின்

இருட்டும் முன் நெடுஞ்சாலையைப் பிடித்துவிடுங்கள். ஆறு மணிக்கு மேல் அங்கே வெளிச்சம் வேகமாகக் குறைந்துவிடும். அறைக்கு வந்ததும் அன்று உடுத்திய துணிகளைக் கட்டிலில் போடாமல் தனிப் பையில் கட்டி, சுடுநீரில் துவைக்கக் கொடுங்கள். உடனே சோப்பை நன்றாகத் தேய்த்துக் குளித்தால், உண்ணி ஒட்டியிருந்தாலும் பெரும்பாலும் போய்விடும்.

மஞ்சள் காய்ச்சல் சான்றிதழை விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். சென்னையில் இறங்கியதும், குடியேற்றச் சோதனைக்கு முன்பே சுகாதார அதிகாரியின் மேசை வரும். பெட்டி கைக்கு வருவதோ அதற்குப் பிறகுதான். கடவுச்சீட்டின் உறைக்குள்ளேயே அதைச் செருகி வைத்திருங்கள்.